குருட்டு ஷோ

எங்கள் தியேட்டரில் படம் இரண்டு விதமாக ஓடும். ஆட்கள் வந்து உட்கார்ந்து பார்க்க ஓடுவது ஒன்று. இன்னொன்று குருட்டு ஷோ.

அந்தப் பெயரை வைத்தவர் ஆபரேட்டர் அண்ணன். மேலே அவருடைய அறையில் இரும்பு அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறது. படம் அதற்குள்ளிருந்துதான் ஓடும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, நடுவில் நின்றதா என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். குருட்டு ஷோவில் பெட்டி ஓடும். புரொஜெக்டர் விளக்கு எரியாது. சத்தமும் கிடையாது. கீழே திரை காயப்போட்ட போர்வை மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். கணக்கில் மட்டும் காதலன் காதலியைத் தேடிக்கொண்டிருப்பான்.

இதெல்லாம் ஓடிடிக்காரர்களுக்காக. தியேட்டரில் ஒரு வாரமாவது ஓடிய படம் என்றால்தான் வாங்குவார்களாம். அதனால் முகம் தெரியாதவர்களை வைத்துப் படம் எடுத்தவர்கள் எங்கள் மாதிரித் தியேட்டரைத் தேடிவந்து ஏழு நாளைக்குப் பிடித்துக்கொள்வார்கள். ஆள் வர வேண்டிய அவசியமே இல்லை. வந்தால்தான் தொந்தரவு. ஏழாம் நாள் ஓடியதற்கு ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"ஓடிடியால தியேட்டர் அழியுதுன்னு ஊரே ஒப்பாரி வைக்குது. நம்ம தியேட்டர் அந்த ஓடிடி புண்ணியத்துலதான் மூச்சு விடுது" என்று ஆபரேட்டர் அண்ணன் சிரிப்பார். அதைச் சொல்லும்போதும் அவர் காதில் வயர் இருக்கும், கையில் போன் இருக்கும், போனில் ஏதாவது ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும்.

நானும் சித்தியும் கூட்டித் துடைக்கிறவர்கள். சித்தி பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. இங்கே யாரும் என்னை வாசிக்கச் சொல்வதில்லை. சித்தி என்னை 'வாயில்லாப் பூச்சி' என்பாள்.

பார்க்க வருகிறவர்கள் விட்டுப்போவதை எல்லாம் நான் தொட்டிருக்கிறேன். சீட்டுக்கு அடியில் ஒட்டிய சூயிங்கம்மைத் தகரத்தால் சுரண்டினால் அதில் பல் பதிந்திருக்கும். கோக் சிந்திய தரையில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரியும். மடித்துச் செருகிய குழந்தை டயப்பர், யாரோ வெட்டிப் போட்ட நகம், பாப்கார்ன் டப்பாவில் வாந்தி. தலை சாய்த்த இடங்களில் எண்ணெய் ஏறி, சீட்டுத் துணி தோல் மாதிரி மினுங்கும். குருட்டு ஷோ வந்த பிறகு இந்த அசிங்கமெல்லாம் குறைந்துவிட்டது. அதற்குப் பதில் எலிகள் வந்தன. ஆள் வராத இருட்டில் அவை வரிசை வரிசையாக உட்கார்ந்து சீட்டுப் பஞ்சைத் தின்றன. சொல்லப்போனால் இப்போது எங்கள் ரசிகர்கள் அவைதான். அவை விட்டுப்போவதையும் நான்தான் பெருக்குகிறேன்.

மேனேஜர் எங்கே போனாலும் கையில் ரூம் ஸ்பிரே வைத்திருப்பார். எலி மூத்திர நாற்றத்தின்மேல் எலுமிச்சை வாசத்தை அடிப்பார். இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும். அது முதல் இரண்டையும்விட மோசம். சித்தி அவருக்கு 'வாசனை' என்று பெயர் வைத்திருக்கிறாள். "வாசனை வருது, துடைப்பத்தை எடு" என்றால் மேனேஜர் வருகிறார் என்று அர்த்தம்.

அந்த வாரம் வந்த படம் ஓர் ஆஸ்பத்திரிக் கதை. முதல் நாள் முதல் ஷோவுக்கு மட்டும் விளக்குப் போட்டார்கள், படம் எடுத்தவர்கள் வரலாம் என்று. அவர்களும் வரவில்லை. மேனேஜருக்கு எரியும் விளக்கை வீணாக்க மனசில்லை. தியேட்டருக்கென்று அவர் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார். அதில் சின்னச் சின்ன வீடியோ போடுவார். என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் கையில் கொடுத்தார்.

"நடு வரிசையில நின்னுக்கோ. மேல இருந்து டார்ச் அடிச்சதும் பத்து செகண்ட் எடு. நிமிர்த்திப் பிடி, தெரியுதா? படுக்க வச்சா ரீல்ஸுக்கு ஆகாது."

மேலே கண்ணாடித் துளையில் டார்ச் மின்னியது. நான் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தேன். கை ஆடக்கூடாது என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. திரை அகலத்தில் என்ன இருந்ததென்று பார்க்கவே இல்லை. போனுக்குள் ஒரு பெண்ணின் தலையும் ஓர் ஆணின் தலையும் தெரிந்தன. அவள் அவன்மேல் குனிகிறாள், அவன் கை அவள் கழுத்தைச் சுற்றுகிறது, அவள் தலைமுடி சரிந்து விழுகிறது. பத்து செகண்ட். முடிந்தது. மேனேஜர் வாங்கிப் பார்த்து, "அடி சக்கை" என்றார். மேலே ஒரு வரி எழுதிப் போட்டார்: 'கட்டிலில் கட்டுண்ட இளமை. குடும்பத்தோடு வராதீர்கள்!'

அதைப் பார்த்து யாரும் தியேட்டருக்கு வரவில்லை. ஆனால் லட்சம் பேர் பார்த்தார்கள். கீழே அவர்கள் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். ஒரு ராத்திரி படித்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆறாம் நாள் காலை. பதினோரு மணிக்குக் குருட்டு ஷோ தொடங்கியாயிற்று. சித்தி உள்ளே டார்ச் வெளிச்சத்தில் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசல் கூடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி ஒல்லி, விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள், கழுத்தில் அளவு நாடா. தையல் மெஷினிலிருந்து எழுந்து அப்படியே வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. இன்னொருத்தி நன்றாக உடுத்தி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மா போனை நீட்டினாள். "பதினோரு மணி ஷோ, ரெண்டு டிக்கெட். வர வழியில பஸ் லேட் ஆயிடுச்சு. உள்ள விடும்மா."

இணையத்தில் டிக்கெட் திறந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை யாராவது வாங்குவார்கள் என்று ஒப்பந்தம் போட்ட யாரும் நினைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் ஸ்பிரேயோடு வந்துவிட்டார்.

"ஐயையோ, ஷோ கேன்சல்மா. மிஷின்ல கோளாறு. உங்க காசு தானா திரும்பி வந்துடும்."

"காசு யாருக்கு வேணும்? எனக்குப் படம் வேணும்."

"இன்னும் ஒரு மாசத்துல ஓடிடில வந்துடும். வீட்டுல காலை நீட்டிட்டுப் பாக்கலாம். எதுக்கு வீணா இந்த வெயில்ல?"

மூக்கைப் பொத்திய அம்மா சிரித்தாள். "பாத்தீங்களா? தியேட்டர்க்காரனே காட்டக் கூசுறான். அவ்வளவு லட்சணமா இருக்கும்போல."

"அப்படி இல்லைங்க சம்பந்தி…"

"இன்னும் சம்பந்தி ஆகலை. அதுக்குத்தானே என்னை இங்க இழுத்துட்டு வந்தீங்க?"

தையல்காரம்மா மேனேஜர் பக்கம் திரும்பினாள். குரலை இறக்கிப் பேசினாள். ஆனால் அந்தக் கூடத்தில் இறக்கிய குரலும் எதிரொலிக்கும். "சார், என் பொண்ணு துணிக்கடையில நிக்கிறவ. ஒரே ஒரு நாள் இந்தப் படத்துல நடிச்சா. நர்ஸா வர்றா. எவனோ அதுல பத்து செகண்டை வெட்டி போன்ல விட்டுட்டான். இவங்க வீட்டுல பாத்துட்டாங்க. கல்யாணம் பேசி முடிச்சாச்சு சார். முழுசாப் பாருங்க, அது அப்படி இல்லைன்னு நான் சொல்றேன். இவங்க நாளைக்கு வேற இடத்துல பொண்ணு பாக்கப் போறாங்க. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்."

"பத்து செகண்டா? ஒரு யுகமா இருந்துச்சு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "என் தங்கச்சி பாத்துட்டா, என் தங்கச்சி வீட்டு மாடியில குடியிருக்கறவன் பாத்துட்டான். எம் பையன்கிட்ட வந்து 'வாழ்த்துகள் மாப்ளே'ங்கறான்."

எவனோ ஒருவன் என்றார்களே, அந்த எவனோ நான்தான். கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அடடா, எவ்வளவு கேவலமான ஜனங்க இருக்காங்க பாருங்க" என்றார். சொல்லிவிட்டுக் காற்றில் இரண்டு முறை எலுமிச்சை அடித்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"அப்ப மிஷின் சரியாகற வரைக்கும் உக்காந்திருக்கோம்" என்றாள் தையல்காரம்மா. படிக்கட்டில் உட்கார்ந்தே விட்டாள்.

மேனேஜர் உதட்டைச் சுழித்துவிட்டுப் போன் பேச வெளியே போனார். நான் மணியைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. முதல் நாள் இதே ஷோவில் டார்ச் மின்னியது பதினொன்று நாற்பத்தெட்டுக்கு. பெட்டிக்குள் படம் அந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, இருட்டில், சத்தமில்லாமல். கடந்து போய்விட்டால் திரும்பி வராது. நடுவில் நிறுத்தினாலோ பின்னால் ஓட்டினாலோ அந்த ஷோ கணக்கில் சேராது என்பது எனக்குத் தெரியும்.

மாடிப்படி இருபத்திரண்டு. ஓடினேன்.

ஆபரேட்டர் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, பெட்டியில் காலை முட்டுக்கொடுத்து, போனில் மூழ்கியிருந்தார். பக்கத்தில் சாப்பிட்ட பொட்டலம், அதில் எறும்பு. நான் "அண்ணே" என்றேன். கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. அவர் காதிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

"ஏய்! கொலைகாரன் யாருன்னு இப்பத்தான் சொல்லப்போறான்!"

"விளக்கைப் போடுங்க அண்ணே."

"என்னது?"

"கீழ அந்தப் பொண்ணோட அம்மா வந்திருக்காங்க. அந்த வீடியோல வர்ற பொண்ணு. கல்யாணம் நிக்கப்போகுது. முழுசாக் காட்டணும்னு மாப்பிள்ளையோட அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்காங்க." ஒன்றரை வருஷத்தில் அவரிடம் நான் சேர்த்துப் பேசியதைவிட அதிகம் அது. மூச்சு வாங்கியது.

"உனக்குப் பேச்செல்லாம் வருமா?" என்றார். பிறகு முகம் மாறியது. "அந்த விளக்குக்கு இன்னும் முப்பது மணி நேரம்தான் ஆயுசு. அடுத்த வாரம் பெரிய படம் வருது, அதுக்கு வேணும். போட்டா வாசனை என் தோலை உரிச்சுடுவாரு."

"எடுத்தது நான் அண்ணே."

அவர் காலைப் பெட்டியிலிருந்து இறக்கினார். பெட்டியின் சின்னத் திரையில் நிமிஷத்தைப் பார்த்தார். "டார்ச் அடிச்சது நான்தானே" என்றார். பிறகு எரிச்சலோடு, "எங்க வெட்டினா ஜிவ்வுனு இருக்கும்னு அவர் கேட்டாரு, நானும் மண்டையை ஆட்டிட்டுச் சொன்னேன். சீ. போ, உள்ள உக்கார வை. பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு செகண்டுகூடக் கிடையாது."

கீழே இறங்கி, "மிஷின் சரியாயிடுச்சு" என்று மட்டும் சொல்லி, அவர்களை உள்ளே கூட்டிப்போனேன். சித்தி துடைப்பமும் கையுமாக முழித்தாள். இருட்டில் மாப்பிள்ளையின் அம்மா எதையோ மிதித்து "ஐயே" என்றாள். சித்தி தன் முந்தானையால் இரண்டு சீட்டைத் தட்டி, "உக்காருங்கம்மா, இது ரெண்டும் எலி கடிக்காதது" என்றாள்.

அப்போது பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. தூசி எழுந்து அதில் மிதந்தது. திரை முழுக்க ஓர் ஆஸ்பத்திரி வார்டு.

நான் அந்தக் காட்சியை முதல்முறையாகப் பார்த்தேன். திரையின் இடது ஓரத்தில் மருந்து இறங்கும் பாட்டில். வலது ஓரத்தில் இன்னும் நான்கு கட்டில், அதில் நோயாளிகள். நடுவில் அந்த ஆள். போனில் அவர் வயதே தெரியவில்லை. இங்கே எழுபது வயசு, ஒரு பக்கம் விளங்காத உடம்பு, வாயோரத்தில் எச்சில். அந்தப் பெண் அவர் அக்குளுக்குள் கைகொடுத்து, தன் நெஞ்சில் சாய்த்துத் தூக்குகிறாள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் நல்ல கையால் அவள் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். அடியில் விரிப்பு முழுக்க நனைந்து கிடக்கிறது. அவள் ஒரு கையால் அவரைத் தாங்கியபடியே மறுகையால் அதை உருவுகிறாள். அவர் அழுகிறார். அவள் அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைக்கிறாள், இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும். அவசரப்படவில்லை. மூக்கைச் சுளிக்கவில்லை. "அவ்வளவுதான்பா, முடிஞ்சது" என்கிறாள். அது ஒன்றுதான் அவளுடைய வசனம்.

திரையில் அவள் கை எங்கள் சீட்டு வரிசையைவிட நீளமாக இருந்தது. நான் போனுக்குள் எடுத்தது அந்த அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. பாட்டில், கட்டில்கள், நனைந்த விரிப்பு, எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் வெட்டி எறிந்தது என் கை. போனை நிமிர்த்திப் பிடித்தேன், அவ்வளவுதான் செய்தேன். அவ்வளவிலேயே ஒரு நர்ஸை வேறொன்றாக்கிவிட்டேன்.

தையல்காரம்மா அழவில்லை. திரையைப் பார்க்காமல் பக்கத்து சீட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் பார்ப்பதுபோல. அந்த முகத்திலிருந்து கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது. கண் கலங்கியிருந்தது.

வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓடிவந்த மேனேஜர் கதவோரம் நின்று பல்லைக் கடித்தார். பிறகு அந்தக் கண்ணீரைப் பார்த்தார். சட்டென்று போனை எடுத்து, நிமிர்த்திப் பிடித்து, அவர்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். விளக்கு அணைந்தது. இருட்டில் அவர் போன் திரை மட்டும் ஒளிர்ந்தது.

கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. நான் தப்பா நெனச்சுட்டேன். தங்கமான பொண்ணு."

தையல்காரம்மா மறுகையையும் அந்தக் கைமேல் வைத்தாள். "போதும் சம்பந்தி, இந்த ஒரு வார்த்தை போதும்."

"என்ன பொறுமை! என்ன கை! கொஞ்சமாவது அருவருப்புப் பட்டாளா பாருங்க. எங்க வீட்டுக்காரர் படுத்து ரெண்டு வருஷம் ஆகுது, உங்களுக்குத்தான் தெரியுமே."

"லேசா முடியலைன்னுதானே சொன்னீங்க?"

"லேசாத்தான். கட்டிலோட கட்டிலா இருக்காரு. வச்ச ஆளுங்க நாலு நாள்ல ஓடிப்போயிடறாளுங்க. எனக்கோ அந்த வாடை ஆகாது, வாந்தி வந்துடும். எம் பையன் கிட்டயே போக மாட்டான். இவ கை பட்டா அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. நாளைக்கே தேதி குறிச்சுடலாம். கடை வேலையெல்லாம் விட்டுடட்டும், நேரம் இருக்காது பாருங்க."

தையல்காரம்மா பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது நடிப்புங்க" என்றாள்.

"தெரியும். ஆனா கை பழகின கை."

"பழகல. விரிப்புல இருந்தது பிஸ்கட்டைத் தண்ணியில கரைச்சது. அந்தத் தாத்தா நல்லா நடக்கிறவர், காட்சி முடிஞ்சதும் எழுந்து போய் டீ குடிச்சாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எங்க வீட்டுல கரப்பான்பூச்சி செத்துக் கிடந்தா நான்தான் எடுத்துப் போடணும். அவ ஊரைக் கூட்டுவா."

"எல்லாம் வந்து பழகிக்குவா."

"அப்ப நீங்க பத்து செகண்டைப் பாத்தீங்க, வேண்டாம்னீங்க. மூணு நிமிஷத்தைப் பாத்தீங்க, வேணும்ங்கறீங்க." அவள் கையை இழுத்துக்கொண்டாள். "ரெண்டுலயும் என் பொண்ணை நீங்க பாக்கலையேம்மா."

"என்ன பேசறீங்க? நான் பெரிய மனசு பண்ணி…"

"நர்ஸ் வேணும்னா ஆஸ்பத்திரியில கேளுங்க. நான் மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு குடுக்கறேன்னு சொன்னேன். மாப்பிள்ளையோட அப்பாவுக்கு இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்தது. "அந்தக் கண்றாவியை லட்சம் பேர் பாத்திருக்கான். வேற எவன் வருவான் உங்க வீட்டுக்கு? யோசிச்சுப் பேசுங்க."

"வராம போகட்டும். வாசல் சுத்தமா இருக்கும்."

அந்த அம்மா கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். தையல்காரம்மா கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கையில் அடக்கினாள். அவள் இவ்வளவு தூரம் வந்தது கேட்டதை வாங்கத்தான். கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்திருப்பாள்.

நான் கிட்டே போனேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"அந்த வீடியோ… நான்தான் எடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். என் துடைக்கிற துணியை, தேய்ந்த செருப்பை, எல்லாவற்றையும். அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போனைப் படுக்கவச்சுப் பிடிச்சிருந்தா அந்தக் கட்டிலெல்லாம் தெரிஞ்சிருக்கும்ல" என்றாள். அவ்வளவுதான். பிறகு, "இன்னைக்குப் படத்தைக் காட்ட வச்சதும் நீதானா?"

தலையாட்டினேன்.

"அவளே இன்னும் அதைப் பாக்கல. இவங்க வேண்டாம்னுட்டாங்கன்னு நாலு நாளா முகத்தை மூடிட்டுப் படுத்திருக்கா. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வர்றேன். இவ்வளவு பெருசாத் தன்னை அவ ஒருதடவை பாக்கட்டும். நாளைக்கும் ஓடும்ல?"

"ஓடும்" என்றேன். அதில் பொய் இல்லை. பெட்டி ஓடும்.

அவள் போனதும் மேனேஜர் வந்தார். ஸ்பிரே இல்லை, கத்தவும் இல்லை. என் பக்கம் பார்க்காமல் சித்தியிடம் பேசினார். "இன்னொரு தடவை கேக்காம அந்த விளக்கு எரிஞ்சா, நீயும் உன் அக்கா பொண்ணும் மூட்டையைக் கட்டிக்கலாம். பதினோரு வருஷம்லாம் எனக்குத் தெரியாது." அந்தப் பழைய வீடியோவை நீக்கிவிடச் சொல்லிச் சித்தி கேட்டாள், எனக்காக. "ஏன், தியேட்டர் பேரு பரவுதே" என்றார். புதிதாக எடுத்ததை எங்களுக்கே காட்டினார். அந்த அம்மா கண் கலங்கும் ஆறு செகண்ட். அதற்கு மேலே எழுதியிருந்தார்: 'கல்லும் கரையும் காவியம்! தாய்மார்கள் கதறல்!'

அன்று சித்தி எதுவும் திட்டவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "எனக்கு வேற வேலை தெரியாதுடி" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஏழாம் நாள் காலையில் படம் எடுத்தவர்களின் ஆள் ஒருவர் காரில் வந்தார், சான்றிதழுக்கு. ஓடிடிக்காரர்களுக்கு அனுப்ப ஒரு போட்டோவும் வேண்டும் என்றார். மேனேஜர் கிடங்கைத் திறக்கச் சொன்னார். உள்ளே உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பலகையை இழுத்து என் கையில் கொடுத்தார். 'ஹவுஸ்ஃபுல்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பின்பக்கம் கரப்பான் முட்டை வரிசையாக ஒட்டியிருந்தது. சுரண்டி, துடைத்து, வாசல் கேட்டில் மாட்டினேன். காலிக் கூடம் படத்தில் விழாதபடி கேட்டைப் பாதி சாத்தி, அந்த ஆள் நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு இருவரும் டீ குடிக்க ஆபீஸ் அறைக்குள் போனார்கள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தையல்காரம்மா வந்தாள். பக்கத்தில் அவள் மகள். துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டு முகத்தைப் பாதி மறைத்திருந்தாள். திரையில் அவ்வளவு பெரிதாக இருந்தவள் என் உயரம்கூட இல்லை.

வாசலிலேயே இருவரும் நின்றுவிட்டார்கள். தையல்காரம்மா பலகையை ஒரு முறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள்.

"அடியே," என்றாள் மகளிடம், "ஹவுஸ்ஃபுல்டி!"

"சும்மா இரும்மா."

"என்ன சும்மா? கண்ணு தெரியலையா உனக்கு? எவன் எவனோ என்னவோ எழுதினானே, நேத்து இங்க நாங்க ரெண்டே பேர்தான், இப்ப பாரு. முழுப் படத்தையும் பாக்க இத்தனை பேர் வந்திருக்கான்." என்னைப் பார்த்ததும் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சீட்டுகூட இல்லையாம்மா? ஓரமா நின்னுகூடப் பாக்க முடியாதா?" என்றாள். கேட்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்ற பதில்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆபீஸ் அறைக் கதவு திறந்திருந்தது. மேனேஜர் டீயோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சித்தி பெருக்கும் சத்தம் கேட்டது.

"இல்லை" என்றேன்.

மகள் துப்பட்டாவை முகத்திலிருந்து எடுத்தாள். மேல் உதட்டில் வேர்வை. அவளுக்கு என் வயசுதான் இருக்கும், அல்லது இரண்டு வயசு கூடுதல். "உள்ள எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"நானூத்திப் பன்னெண்டு சீட்டு" என்றேன்.

"நானூத்திப் பன்னெண்டு" என்று அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினாள். "எங்களை இந்தப் பலகையோட ஒரு போட்டோ எடுக்கிறீங்களா?"

இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். நான் போனைப் படுக்கவைத்துப் பிடித்தேன். அப்போது பாதி சாத்திய கேட்டின் இடைவெளி வழியாகக் கூடம் தெரிந்தது, யாருமே இல்லாத கூடம், திறந்து கிடக்கும் கதவு, உள்ளே இருட்டு. போட்டோவை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

நிமிர்த்திப் பிடித்தேன். அவர்கள் இருவரும், நடுவில் சிவப்பு எழுத்தும் மட்டும் வந்தது.

"சூப்பரா இருக்கு" என்றாள் அவள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர்கள் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். தையல்காரம்மா ஏதோ சொல்ல, மகள் அவளை இடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பக்கத்திலிருந்த சாக்கடையில் குனிந்து வாந்தி எடுத்தேன். காலையில் எதுவும் சாப்பிடாததால் வெறும் புளித்த தண்ணீர்தான் வந்தது.